மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன்: பெரிய சாப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவும் வேலையும்

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பஸ் நிலையத்தில் சென்னை பஸ்கள் நிற்கும் பக்கம் போய்ப் பாருங்கள். முதுகில் லேப்டாப் பையுடன் நிற்கும் இளைஞர்களை எண்ணி மாளாது. வார விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள் இவர்கள். அவர்களுக்கு நடுவே லேப்டாப் பை இல்லாமல், பிளாஸ்டிக் பைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு சிலர் நிற்பார்கள். அந்தப் பைலுக்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் டிகிரி சர்டிபிகேட் வரை எல்லாம் இருக்கும். இவர்கள் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள்.

இந்தக் கட்டுரை பைல் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. அவர்களை வழியனுப்ப வந்து, பஸ் கிளம்பும் வரை ஜன்னல் ஓரமாகவே நிற்கும் அப்பா அம்மாக்களும் படிக்கலாம்.

நான் 14 ஆண்டுகள் ஒரு பெரிய சாப்ட்வேர் கன்சல்டிங் கம்பெனியில் வேலை பார்த்தவன். அதில் 6 ஆண்டுகள் கல்லூரி மாணவர்களை இன்டர்வியூ செய்யும் குழுவிலும் இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டு வருவது வழக்கமாகிவிட்டது. சென்ற ஆண்டு என் அக்கா மகனே வந்தான். ஒத்தக்கடையில் வீடு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"மாமா, ஒண்ணேகால் லட்சம் கட்டுனா பேக்டோர்ல ஆபர் லெட்டர் வாங்கித் தர்றாங்களாம். மெயிலே வந்துருச்சு. அம்மா வளையலை வச்சுத் தர்றேன்னு சொல்லுது" என்றான்.

அந்த மெயிலை நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரில் எப்படித் திறந்து பார்த்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பேக்டோர் என்ற ஒன்று ஏன் நம்பும்படியாகத் தோன்றுகிறது? முன்வாசல் எப்படி இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாததுதான் காரணம். ஆகவே முதலில் முன்வாசலைப் பார்ப்போம்.

இந்தக் கம்பெனிகள் எதை விற்கின்றன?

டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ, எச்.சி.எல்., காக்னிசன்ட், அக்சென்ச்சர் என்று நாம் கேள்விப்படும் பெயர்களில் பலவும் கடையில் வாங்கும் சாப்ட்வேரை முக்கியத் தொழிலாகச் செய்பவை அல்ல. வெளிநாட்டு வங்கி, இன்சூரன்ஸ் நிறுவனம், மருந்துக் கம்பெனி போன்றவற்றின் கம்ப்யூட்டர் வேலையை ஒப்பந்தம் எடுத்து, ஆள் வைத்துச் செய்து கொடுப்பதே இவற்றின் பிரதான தொழில். டி.சி.எஸ். 1968-ல் தொடங்கியது. எச்.சி.எல். 1976-ல் தொடங்கியது. இன்போசிஸ் 1981-ல் புனேயில் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. காக்னிசன்ட் 1994-ல் நம் சென்னையில் உருவானது.

கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு தலைமை மாஸ்டர், இரண்டு மூன்று மாஸ்டர்கள், காய் நறுக்க, பாத்திரம் கழுவ, பந்தி பரிமாற எனப் பத்து இருபது பேர் இருப்பார்கள். கல்யாண வீட்டாரிடம் வாங்கும் தொகைக்கும் ஆட்களுக்குக் கொடுக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருக்கு லாபம். எல்லோரும் தலைமை மாஸ்டராக இருந்தால் கட்டுப்படியாகாது. புதிதாக வேலை கற்க வந்த ஆட்கள் அதிகம் இருந்தால்தான் கணக்கு சரிவரும். சாப்ட்வேர் கம்பெனிகள் ஆண்டுதோறும் கல்லூரிகளில் இருந்து ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்ததற்கும் இதுவே காரணம்.

ஆடி மாதம் வந்தால் சமையல் ஆட்களுக்கு வேலை இருக்காது அல்லவா? இங்கே அதற்குப் பெயர் 'பெஞ்ச்'. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காமல் இருப்பவர் பெஞ்சில் இருக்கிறார் என்பார்கள். சம்பளம் வரும். ஆனால் வாடிக்கையாளரிடம் அவர் பெயரில் பில் போட முடியாது. முன்பெல்லாம் பெஞ்சில் மாதக்கணக்கில் இருந்து புதுப்புது கோர்ஸ் படித்தவர்கள் உண்டு. நானே ஒருமுறை மூன்று மாதம் இருந்தேன். சென்னையில் எந்தெந்த தியேட்டரில் காலைக் காட்சி உண்டு என்பது அப்போது எனக்கு அத்துப்படி. இப்போது அந்தச் சுகம் இல்லை. டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதியின்படி, ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்கள் பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே அந்தக் கம்பெனி சுமார் 12 ஆயிரம் பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்பில் இருந்தவர்கள்.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் 'உள்ளே போய்விட்டால் அரசாங்க வேலை மாதிரி' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நம்பவும் வேண்டாம்.

முதல் வாசல்: ஆன்லைன் தேர்வு

ஒரு காலத்தில் பேப்பரில் விளம்பரம் பார்த்து, ஆயிரம் பேர் வரிசையில் நின்று 'வாக்-இன்' போவார்கள். இப்போது புதியவர்களுக்கு அனேகமாக எல்லாமே ஆன்லைன் தேர்வில்தான் தொடங்குகிறது. டி.சி.எஸ். 2018 முதல் நடத்திவரும் 'நேஷனல் குவாலிபையர் டெஸ்ட்' என்னும் என்.க்யூ.டி. தேர்வை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சமீப ஆண்டுகளில் இதன் முதல் பகுதி 75 நிமிடம். கணக்கு, ஆங்கிலம், ரீசனிங் ஆகிய மூன்றுக்கும் தலா 25 நிமிடம். இரண்டாம் பகுதி 115 நிமிடம். அதில் கடினமான கணக்கு 25 நிமிடம், புரோகிராம் எழுதுவது 90 நிமிடம். இதில் நீங்கள் எந்த அளவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என மூன்று நிலைகளில் ஒன்றுக்கு இன்டர்வியூ வரும். நிஞ்சாவுக்கு ஆண்டுச் சம்பளம் சுமார் 3.36 லட்சம், டிஜிட்டலுக்கு சுமார் 7 லட்சம், பிரைமுக்கு அதற்கும் மேல். பேட்டர்ன் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் விண்ணப்பிக்கும்போது கம்பெனியின் வெப்சைட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே தேர்வு, ஒரே அறை, ஒரே நாள். புரோகிராம் எழுதும் அந்த 90 நிமிடம்தான் சம்பளத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. நம் பிள்ளைகளோ ஆப்டிட்யூட் கைடு வாங்கி ரயில் கணக்கையும் படகுக் கணக்கையும் ஆறு மாதம் போடுகிறார்கள். கோடிங்கை 'அதெல்லாம் இன்ஜினீயரிங் பசங்களுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். இது தவறு. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தாலே போதும். பைத்தான், ஜாவா கம்பைலர்கள் இலவசம். தினமும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் நான்கு மாதத்தில் வித்தியாசம் தெரியும். கட்டாயம் நீங்களே டைப் செய்ய வேண்டும். ஏ.ஐ. எழுதித் தருவதைக் காப்பி செய்தால் கண்ணுக்குத்தான் பழகும், கைக்கு வராது.

சில கம்பெனிகள் தேர்வைச் சென்டரில் வைக்கின்றன. வேறு சில கம்பெனிகள் வீட்டிலிருந்தே எழுதச் சொல்கின்றன. வீட்டில் எழுதுவதானால் முதல் நாளே கவனிக்க வேண்டியவை சில உண்டு. தேர்வு சாப்ட்வேர் உங்கள் வெப்கேமராவையும் மைக்கையும் எடுத்துக்கொள்ளும். வேறு விண்டோவுக்குப் போனால் பதிவு செய்துகொள்ளும். ஆகவே விண்டோஸ் அப்டேட்டை அன்று காலையே முடித்துவிடுங்கள். தேர்வு நடுவில் 'ரீஸ்டார்ட் செய்யவா?' என்று அது கேட்கக் கூடாது. ஆன்ட்டிவைரஸ், வாட்ஸ்அப் டெஸ்க்டாப் போன்றவற்றின் நோட்டிபிகேஷனை நிறுத்திவிடுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ரிமோட் சாப்ட்வேர்கள் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். அவை பின்னணியில் ஓடினால் தேர்வு சாப்ட்வேர் உங்களைச் சந்தேகிக்கும்.

கரன்ட் விஷயம் தனி. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் கரன்ட் போனால் மோடமும் போய்விடும். மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்க முடியாவிட்டால் செல்போன் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே லேப்டாப்பில் ஒருமுறை கனெக்ட் செய்து, பாஸ்வேர்டு சேவ் ஆகியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடித்தால் உங்கள் முகம் கறுப்பாகத் தெரியும். சுவரைப் பார்த்து அல்ல, சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். வீட்டில் எல்லோரிடமும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். நான் எடுத்த ஒரு வீடியோ இன்டர்வியூவில் பையன் ஜாவாவில் இன்ஹெரிட்டன்ஸ் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பாட்டி, "ஏலேய், காப்பி ஆறுதுடா" என்றார். பையன் நடுங்கிவிட்டான். நான் சிரித்துவிட்டு, குடித்துவிட்டு வரச் சொன்னேன். எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

டெக்னிக்கல் இன்டர்வியூ: இரண்டு பேர்

எங்களுக்கு ஒரு நாளில் 12 முதல் 15 பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு 25 நிமிடம். இந்த நேரத்தில் ஒருவர் எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார் என்று அளக்க முடியாது. தெரியும் என்று எழுதியிருப்பது உண்மையிலேயே தெரியுமா என்று மட்டும்தான் பார்க்க முடியும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் ரெஸ்யூமே எழுதும் விதமே மாறிவிடும். சி, சி++, ஜாவா, பைத்தான், மெஷின் லேர்னிங், கிளவுட் என்று ஒன்பது பெயரை அடுக்கினால், கேள்வி கேட்பவருக்கு ஒன்பது கதவைத் திறந்துவிடுகிறீர்கள். ஏதாவது ஒன்றில் அவர் நுழைந்துவிடுவார்.

ஒருநாள் அடுத்தடுத்து வந்த இருவரைச் சொல்கிறேன். முதலாமவர் நல்ல மதிப்பெண். புராஜெக்ட் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்'. அழகாகப் பேசினார். "லைப்ரரியில் ஒரே புத்தகத்தின் மூன்று பிரதிகள் இருக்கின்றன. எந்தப் பிரதியை யார் எடுத்தார் என்று உங்கள் டேபிளில் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். நின்றுவிட்டார். அவர் டேபிளில் புத்தகத்துக்கு ஒரு நம்பர்தான் இருந்தது; பிரதிக்கு நம்பர் இல்லை. அது பெரிய குற்றமல்ல. "ஆமாம் சார், அதை யோசிக்கவில்லை. பிரதிகளுக்குத் தனி டேபிள் வைக்க வேண்டும்" என்றிருந்தால் அன்றே தேர்வாகியிருப்பார். ஆனால் அவர், "அதுவும் இருக்கிறது சார்" என்று சாதித்தார். காட்டச் சொன்னேன். புராஜெக்டை வெளியே காசு கொடுத்து வாங்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து வந்தவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை பார்ப்பவரின் மகன். ஆங்கிலம் தடுமாறியது. ரெஸ்யூமேயில் எஸ்.க்யூ.எல்., பைத்தான் இரண்டே இரண்டு. அப்பாவின் கடைக்குக் கணக்கு எழுத ஒரு சின்ன புரோகிராம் செய்திருந்தார். எந்த விவசாயி எத்தனை கிலோ மல்லிகை கொண்டுவந்தார், என்ன விலைக்குப் போனது, கமிஷன் போக அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் புரோகிராம்.

"பூவின் விலையைத் தனி டேபிளில் வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாமே? ஏன் ஒவ்வொரு பில்லிலும் விலையைத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள்? டேட்டாவைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று புத்தகத்தில் படித்திருப்பீர்களே?" என்று மடக்கினேன்.

"சார், மல்லிகை விலை காலையில ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு. முகூர்த்த நாள்னா இன்னும் மோசம். விலை டேபிள்ல இருக்கிற விலையை நான் மாத்துனா பழைய பில்லெல்லாம் மாறிப்போகும். விவசாயி நாளைக்கு வந்து கேட்டா சண்டை வரும். அதனால வித்த விலையை பில்லோடவே வச்சுட்டேன்" என்றார் தமிழிலேயே.

ஒரு டேட்டாபேஸ் புத்தகம் இரண்டு அத்தியாயத்தில் சொல்வது அது. வங்கி சாப்ட்வேரிலும் இதே பிரச்சினை வரும். அவரைத் தேர்வு செய்தோம். ஆங்கிலத்துக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். இன்டர்வியூவில் தமிழில் பேசலாமா என்று பலர் கேட்கிறார்கள். முழுக்கப் பேச முடியாது. வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பேசத்தானே வேலைக்கு எடுக்கிறார்கள்? ஆனால் திணறும் இடத்தில் அனுமதி கேட்டு ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்வதால் யாரும் மார்க்கைக் குறைத்துப் பார்த்ததில்லை. பேனலில் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. வீடியோ இன்டர்வியூவில் திரையின் ஓரத்தில் ஏ.ஐ. விடையைப் படித்துச் சொல்லும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. கண் இடமிருந்து வலமாக ஓடுவது எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். பிடிபட்டால் அந்தக் கம்பெனியின் கதவு சில ஆண்டுகளுக்காவது மூடிவிடும்.

எச்.ஆர். சுற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊருக்கும் போவீர்களா, இரவு ஷிப்ட் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதம் என்று சொல்லும் முன் வீட்டில் பேசிவிடுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் வீட்டில், ஆபர் லெட்டர் வந்த பிறகு 'புனேயா? வேண்டாம்' என்று அப்பா சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சம்பளக் கணக்கு

3.36 லட்சம் என்றால் மாதம் 28 ஆயிரம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தத் தொகை சி.டி.சி. அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அதில் கம்பெனி கட்டும் பி.எப்., இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கம். கைக்கு வருவது சுமார் 23 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழிங்கநல்லூர் பக்கம் சாப்பாட்டோடு ஹாஸ்டலுக்கு 9 ஆயிரம், மாதம் இருமுறை மதுரைக்கு வந்து போக 3 ஆயிரம், மற்ற செலவு 4 ஆயிரம் போனால் மிச்சம் 7 ஆயிரம். கல்விக் கடன் தவணை இருந்தால் அதற்கே சரியாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், 2008 வாக்கிலும் புதியவர்களுக்குச் சற்றேறக்குறைய 3 லட்சம்தான் கொடுத்தார்கள். அப்போது மாட்டுத்தாவணியில் ஒரு டீ என்ன விலை, இப்போது என்ன விலை என்று பார்த்தால் மீதி புரியும். இந்த வேலையில் பணம் முதல் ஆண்டில் இல்லை. மூன்றாவது, நான்காவது ஆண்டில் கையில் ஒரு தொழில் இருந்தால்தான் சம்பளம் ஏறும். ஆகவே முதல் புராஜெக்டில் என்ன வேலை தருகிறார்கள் என்பதைச் சம்பளத்தைவிட அதிகமாகக் கவனியுங்கள். இரண்டு ஆண்டுகள் எக்செல் ஷீட்டில் பச்சை, சிவப்பு நிறம் மாற்றிக்கொண்டே இருந்தால், வெளியே போய்ச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஆபர் லெட்டர் வந்தும்...

ஆபர் லெட்டர் வந்த அன்று தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துவிடுகிறோம். அது வேலை அல்ல, வேலை தருவதாக ஒரு வாக்கு. சேரும் தேதி வந்தால்தான் வேலை. 2022-ல் கல்லூரி முடித்த பலர் இன்போசிஸ் ஆபரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தது செய்தியாக வந்தது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆபர் பெற்றிருந்தவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. சேர்ந்த பிறகும் பயிற்சித் தேர்வு உண்டு. 2025 பிப்ரவரியில் இன்போசிஸ் மைசூர் வளாகத்தில் மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறாத 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். நீண்ட காலம் காத்திருந்து சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இதனால் ஒரு ஆபர் வந்தவுடன் படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். காத்திருக்கும் மாதங்களில் மதுரையிலேயே சின்ன கம்பெனியில் சேர்ந்து வேலை பாருங்கள். 'பெரிய கம்பெனி ஆபர் இருக்கும்போது எதற்கு இது?' என்று உறவினர் சிலர் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

பாண்டு பற்றியும் ஒரு வார்த்தை. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லாது என்று பலர் சொல்லுவார்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தொகையையும் காலத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அந்த மெயில்

இப்போது மருமகனின் கதைக்கு வருவோம். அவனுக்கு வந்த மெயிலில் பிரபல கம்பெனியின் லோகோ பளபளவென்று இருந்தது. பி.டி.எப். ஆபர் லெட்டரில் கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தன. 'ரீபண்டபிள் செக்யூரிட்டி டெபாசிட்' என்று பணம் கேட்டிருந்தார்கள். இதை யார் வேண்டுமானாலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம்.

முதலில் அனுப்பியவர் பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியைப் பாருங்கள். @ குறிக்குப் பிறகு உள்ளதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'டாட் காம்' என்பதற்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் சொல்தான் உண்மையான முகவரி. இவனுக்கு வந்ததில் கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு 'கேரியர்ஸ்' என்று ஒட்டியிருந்தது. அது வேறொருவர் வாங்கிய வேறு முகவரி. அடுத்து, ஜிமெயிலில் மெயிலைத் திறந்து வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்தால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். அதில் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற மூன்று வரிகள் இருக்கும். இந்த மெயில் உண்மையிலேயே அந்த முகவரியின் சர்வரில் இருந்துதான் வந்ததா என்று காட்டும் சோதனைகள் இவை. 'பெயில்' என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் 'பாஸ்' என்று இருந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. போலி முகவரி வாங்கியவனும் அதற்கு முறையாகப் 'பாஸ்' வாங்கியிருப்பான். எந்த முகவரிக்குப் பாஸ் என்று பக்கத்தில் எழுதியிருக்கும், அதைப் படிக்க வேண்டும். இவனுக்கு மூன்றுமே பாஸ்தான். முகவரிதான் கம்பெனியுடையது இல்லை.

பிறகு 'ஹூ இஸ்' தேடல் வெப்சைட்டில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தோம். பதிவு செய்து 41 நாட்கள்தான் ஆகியிருந்தன. பல ஆண்டுகளாக நடக்கும் கம்பெனி நேற்றா முகவரி வாங்கும்? பி.டி.எப். பைலில் 'புராப்பர்ட்டீஸ்' பார்த்தபோது அது ஒரு இலவச ஆன்லைன் டூலில் முந்தைய நாள் இரவு 11.40-க்குத் தயாரித்தது என்றிருந்தது. அவன் எதுவும் பேசவில்லை.

பெரிய கம்பெனிகள் எல்லாமே வேலைக்கு ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் வெப்சைட்டில் எச்சரிக்கை போட்டிருக்கின்றன. பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வெட்கப்பட்டு நான்கு நாள் மறைத்து வைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு வகையினர் 'இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தருகிறோம்' என்பார்கள். இது அதைவிட ஆபத்து. வேலை கிடைத்து, வெரிபிகேஷனில் உங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்து பி.எப். வரலாற்றைப் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்ததாகச் சொன்ன இடத்திலிருந்து ஒரு ரூபாய்கூட பி.எப். கட்டியிருக்காவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். சேர்ந்து எட்டு மாதம் கழித்து ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

உள்ளூரிலேயே?

எல்லோரும் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? எச்.சி.எல். கம்பெனியைத் தொடங்கிய ஷிவ் நாடார் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.யு.சி. படித்தவர். அந்தக் கம்பெனி லக்னோ, நாக்பூர், விஜயவாடா போல மதுரையிலும் மையம் வைத்திருக்கிறது. மாட்டுத்தாவணியில் இருந்து சிறிது தூரத்தில் இருக்கும் இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் அது இயங்குகிறது. பிளஸ் டூ முடித்தவர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்க வைக்கும் 'டெக்பீ' திட்டத்தை 2017 முதல் நடத்துகிறது. இதற்குப் பயிற்சிக் கட்டணம் உண்டு. வங்கிக் கடனில் கட்டி, வேலைக்குப் போன பின் அடைக்கலாம். நான் மேலே சொன்ன 'பணம் வாங்குவதில்லை' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பெனியே தன் வெப்சைட்டில் வெளிப்படையாக அறிவித்த பயிற்சிக் கட்டணம் வேறு; ஜிபே நம்பர் அனுப்பிக் கேட்கும் 'டெபாசிட்' வேறு.

மாட்டுத்தாவணியிலேயே டைடல் பார்க் கட்ட 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். திட்டச் செலவு 314 கோடி ரூபாய். சென்னைத் தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து நம் முறை வந்திருக்கிறது. கட்டடம் வந்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் நமக்கே வேலை என்று நேர்க்கோட்டில் நம்பிவிட வேண்டாம். ஆனால் மேலே போட்ட சம்பளக் கணக்கில் ஹாஸ்டல் 9 ஆயிரத்தையும் பஸ் 3 ஆயிரத்தையும் அடித்துவிட்டுப் பாருங்கள். உள்ளூர் வேலைக்குச் சற்றுக் குறைந்த சம்பளம் என்றாலும் ஏன் யோசிக்கலாம் என்று தெரியும்.

கடைசியாக, சென்னைக்குப் போகிறவர்களுக்குப் பயண விஷயம் ஒன்று. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டுக்குப் பதில் அங்கேதான் போய் நிற்கின்றன. இது கிளாம்பாக்கம். ஓ.எம்.ஆரில் இருப்பது கேளம்பாக்கம். இரண்டும் வேறு வேறு ஊர். இன்டர்வியூ சிறுசேரியில் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய்ப் போகலாம். சோழிங்கநல்லூர் என்றால் தாம்பரம், மேடவாக்கம் வழி. காலை 9 மணி இன்டர்வியூவுக்கு முதல் நாள் இரவு 8 மணிக்குள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுங்கள். முகம் கழுவவும் சட்டை மாற்றவும் நேரம் வேண்டும்.

மருமகன் அந்தப் பணத்தைக் கட்டவில்லை. அக்காவின் வளையல் கையிலேயே இருக்கிறது. அவன் ஐந்து மாதம் தினமும் கோடிங் போட்டு ஆன்லைன் தேர்வு எழுதினான். முதல்முறை வரவில்லை. இரண்டாம் முறை நிஞ்சா நிலைக்கு இன்டர்வியூ வந்து, தேறினான். சேரும் தேதி இன்னும் வரவில்லை. அதுவரை கே.கே. நகரில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில், மாதம் 12 ஆயிரத்துக்கு, ஜவுளிக் கடை ஒன்றின் பில்லிங் சாப்ட்வேரைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். விற்ற விலையைப் பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "முதல் வாரமே மாத்திட்டேன் மாமா" என்றான்.